உப்பு யாருடையது?

வீடு கட்டுவோர் அத்திவாரத்துக்கு நாட் பார்க்கின்றனர்; நிலை நாட்டும்போது தேங்காய் உடைக்கின்றனர்; கூரை முடிந்த அன்று மேசனுக்கும் தச்சனுக்கும் விருந்து வைக்கின்றனர். தரைக்கு மட்டும் சடங்கு ஒன்றும் கிடையாது. அதன் முறை வரும்பொழுது கைப்பணம் பெரும்பாலும் கரைந்திருக்கும். குடிபூரலுக்கு நாள் குறித்தாயிற்று என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார். மேசனுக்கோ வேறொரு வளவில் அத்திவாரக் கிடங்கு காத்திருக்கும். இருதரத்தாருடைய அவசரத்திலும் பிறக்கின்ற தரையைத்தான் வீட்டார் பின்னர் ஆயுள் முழுவதும் மிதித்து நடக்கின்றனர்.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய நம் தீவுகளில் இந்த அவசரத்துக்குரிய தண்டனை விரைவிலே வந்து சேர்கிறது. காரணம் நிலம். சுண்ணக்கற் பாறையின்மேல் மெல்லிய மண். அதன் கீழே மாரிமழையின் நன்னீர், கடல்நீரின் மீது ஒரு படையாக மிதந்து கிடக்கிறது. கோடையில் அப்படை மெலிய, கிணறு உவர்க்கிறது. அந்த உவர்நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறும். தரையை அடைந்ததும் நீர் ஆவியாகப் போய்விடும், உப்பு போகாது. அது பளிங்காகி, சாந்தின் துளைகளை உள்ளிருந்து நெருக்கிப் பிளந்துகொண்டு வெளியே பூக்கும். நெடுந்தீவிலே சாந்தின்றி முருகைக்கற்களை அடுக்கிச் செய்த வேலிகள் தலைமுறை தலைமுறையாக நிற்பதைப் பார்க்கும்போது, உப்போடு பகைகொள்ளாமல் வாழ்ந்தவர் நம் முன்னோரே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சாணமிட்டு மெழுகிய மண்தரை இருந்த காலத்தில் தரையைப் பற்றிய பிணக்கும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுப் பெண்கள் அதனைப் புதிதாக்கினர். பழுதும் திருத்தமும் ஒரே கையில் இருந்தன. பின்னர் சீமெந்து வந்தது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990 இல் போரினால் மூடப்படும்வரை, குடாநாட்டு வீடுகள் பலவற்றுக்குச் செங்காவி பூசிய வழுவழுப்பான தரையைத் தந்தது. அந்தத் தரையிலும் உப்புப் பூத்தது; ஆனாற் பூத்த இடத்தைத் தும்பினால் தேய்த்துக் கழுவினார்கள், அவ்வளவே. 1990 இல் தொடங்கிய இடப்பெயர்வுக்குப் பின், 2009 இல் போர் முடிந்ததும் மக்கள் மீண்டு வந்து கட்டிய வீடுகளிலேதான், ஊரார் மாபிள் என்று அழைக்கும் மட்பாண்டத் தரையோடு பரவலாயிற்று. ஓட்டின் முகம் நீரை விடாது. ஆகவே கீழிருந்து வரும் ஈரம் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள பொருத்துகளைத் தேடிப்போகிறது. அதுவரை நிலத்துக்கும் வீட்டுக்கும் நடந்த வழக்கு, இப்பொழுது வீட்டுக்காரருக்கும் மேசனுக்கும் உரிய வழக்காகிவிட்டது.

அத்தகைய வழக்கொன்று எனக்கும் வாய்த்தது. வேலணையில் முதுசொமாக வந்த வளவிலே ஒரு சிறு வீடு கட்டினேன். மேசனார் அயலூரவர், நல்ல கைகாரர் என்று பெயரெடுத்தவர். சீமெந்தும் ஓடும் நீரும் என் பொறுப்பு. மணலும் கூலியாட்களும் அவர் பொறுப்பு. கூலியில் ஐந்தில் ஒரு பங்கு வேலை முடிந்தபின் கொடுப்பது என்று ஓர் அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டிருந்தோம். இவ்வாறு பணத்தைக் கட்டங்கட்டமாக விடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றுவதற்கு, 2012 முதல் வடக்கில் நடந்த இந்திய வீடமைப்புத் திட்டமும் ஒரு காரணம் எனலாம். வீடொன்றுக்கு 550,000 ரூபா என்ற அவ்வுதவி, வேலை ஏறிய அளவுக்கே பகுதி பகுதியாகப் பயனாளியின் கைக்கு வந்தது.

எட்டாம் மாதத்தில் என் தரை பேசத் தொடங்கியது. மண்டபத்தில் நடக்கும்போது காலடியில் வெற்றுப்பெட்டியைத் தட்டினாற் போன்ற ஓசை. படுக்கையறையில் பொருத்துகள் நெடுகிலும் வெள்ளைக் கோடுகள். ஒருநாள் நண்பகலில் மண்டபத்தின் நடுவே இரண்டு ஓடுகள் பட்டாசு வெடித்தாற்போற் சத்தமிட்டு, கூடாரம் போல ஒன்றோடொன்று சாய்ந்து எழும்பி நின்றன.

மேசனாரை அழைத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் குந்தியிருந்து பார்த்தார். "மாஸ்ரர், என்ரை கையிலை பிழையில்லை. உப்பு உங்கடை கிணத்திலை இருக்கு" என்றார்.

"கிணறு அறைக்குள்ளை வரேல்லையே. உம்முடைய மணல்தானே வந்தது?" என்றேன்.

அவர் மிகுதிக் கூலியைக் கேட்டார். நான் தரையைக் கேட்டேன். ஒரே பஸ், ஒரே சங்கக்கடை, ஒரே கோயில் என்றிருக்கும் தீவிலே இரண்டு மனிதர் பேசாதிருப்பது எளிதன்று. நான் எங்கும் 'குறை' என்ற சொல்லுக்கு மேல் சொன்னதில்லை. ஊரோ அதனை 'மோசடி' என்று பெயர்த்துக்கொண்டது. அவருக்கு வரவிருந்த இரண்டு வீட்டு வேலைகள் வேறு மேசன்மாரிடம் போயின. எனக்குத் தரை பழுது. அவருக்குப் பெயர் பழுது. எனது இழப்பே சிறிதென்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

இத்தகைய உடன்படிக்கையில் நம்மை ஆள்வது தேசவழமை அன்று. 1707 இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய அத்தொகுப்பை நாம் இன்று நாடுவது முதுசொம், சீதனம், தேடியதேட்டம் முதலியவற்றுக்காகவே. மேசனுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே நிற்பது உரோம ஒல்லாந்தச் சட்டம். வேலையை ஏற்றவர் தொழில் நேர்த்தியோடு அதனை முடித்துத் தரவேண்டும் என்பதும், தம் கடமையை முடிக்காதவர் மற்றவரிடம் கடமையைக் கோருதல் பொருந்தாது என்பதும் அதன் பொதுவிதிகள். வழக்குத் தொடுக்கும் காலத்தை வரையறுத்த 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், எழுதிய உடன்படிக்கைக்கு 6 ஆண்டும் வாய்மொழி உடன்படிக்கைக்கு 3 ஆண்டும் தருகிறது. அந்தக் கொப்பித் தாளின் பெறுமதி மூன்று ஆண்டு என்று வேடிக்கையாகக் கணக்கிட்டுப் பார்த்தேன்.

எனினும் சட்டம் குறித்த தொகைக்குள் அடங்கும் பணப் பிணக்கை நேரே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக இயலாது. முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும். அங்கே இணக்கம் கூடவில்லை என்ற சான்றிதழோடுதான் நீதிமன்றப் படியை மிதிக்கலாம். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த இணக்க சபைகளை வயதில் மூத்த வாசகர்கள் நினைவுகூர்வர். அவை 1970களின் இறுதியில் மறைந்தன. இன்றுள்ள சபைகள் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தவை. மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்வதில்லை, தண்டம் விதிப்பதில்லை, சட்டத்தரணி எவரும் நமக்காகப் பேசுவதுமில்லை. பிணக்குற்ற இருவரும் நேரில் வந்து, தம் வாயாலேயே பேசி, தம் கையாலேயே ஒப்பமிடல் வேண்டும்.

சபை கூடியது ஒரு பாடசாலை வகுப்பறையில். வாழ்நாளெல்லாம் கரும்பலகைப் பக்கம் நின்றவன் அன்று மாணவர் வாங்கில் அமர்ந்தேன். என் பக்கத்திலேயே மேசனார். எதிரே மூவர். இருவர் கூறியவற்றையும் பொறுமையோடு கேட்டபின், அவர்களுள் ஒருவர், "பாதிக்குப் பாதி போட்டு முடிச்சால் என்ன?" என்றார்.

இந்தப் 'பாதிக்குப் பாதி' நம்மவருக்கு மிகப் பிடித்த நீதி. கேட்பதற்கு நடுவுநிலை போல இனிக்கிறது. என் கருத்தில் அது பெரும்பாலும் களைப்பின் மறுபெயர். குற்றம் எது என்று அறியாமலே அதனை இரண்டாகப் பிளந்தால், கொடுத்தவரும் தாம் ஏமாந்ததாக எண்ணுவார். பெற்றவரும் அவ்வாறே எண்ணுவார். மேசனாரும் அப்படியே கருதினார் போலும். நான் வாய் திறக்குமுன் அவரே, "ஐயா, பாதி குடுத்தால் முழுக்கக் களவெடுத்தவன் எண்டெல்லோ சனம் சொல்லும்" என்றார். அன்றுதான் நாங்கள் இருவரும் ஒரு விடயத்தில் ஒருமனப்பட்டோம். தலைமை வகித்தவர் சிரித்துவிட்டு, அடுத்த அமர்வுக்குள் இருவரும் ஒன்றாக நின்று தரையைத் திறந்து பார்த்து வருமாறு சொன்னார். இருவருக்கும் உடன்பாடான மூன்றாம் மேசன் ஒருவரையும் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அதற்குமுன் எனக்குத் தெரிந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்க விரும்பினேன். கல்லூரி ஆய்வுகூடத்தில் மாணவர்கள் செய்வதுதான். பெயர்ந்த சாந்தைப் பொடித்து வடித்த நீரில் குளோரைட்டு உண்டா என்று வெள்ளிநைத்திரேற்று காட்டிவிடும். சுண்ணக்கல்லின் காபனேற்றும் வீழ்படிவு தந்து நம்மை ஏய்க்கக்கூடுமாதலின், முதலில் ஐதான நைத்திரிக்கமிலம் சில துளிகள் விடவேண்டும். மேசனாரின் முன்னிலையில் நான்கு சோதனைக்குழாய்கள் வைத்தேன். மழைநீர் தெளிவாக நின்றது. சாந்து நீர் பால்போல் வெளுத்தது. என் கிணற்று நீரும் வெளுத்தது. வளவின் மூலையில் எஞ்சிக் கிடந்த மணலை அலசிய நீர் ஏறக்குறைய மழைநீரைப் போலவே இருந்தது.

"பாத்தீங்களோ மாஸ்ரர்!" என்று மேசனார் முகம் மலர்ந்தார். ஆனால் அந்த மணற் குவியல் ஒரு மாரி முழுவதும் வெளியிலே நனைந்தது. மழை கழுவிய மணல் சாட்சி சொல்லாது. அதை நான் சொன்னபோது அவரும் மறுக்கவில்லை. ஆக, உப்பு உண்டு என்பது உறுதியாயிற்று. அது யாருடைய உப்பு என்பது உறுதியாகவில்லை. வேதியியல் அதற்கு மேல் எங்களோடு வரவில்லை.

மூன்றாம் மேசன் முதியவர், புங்குடுதீவார். வந்தவர் உப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கரண்டிப் பிடியால் மண்டபத்தின் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, வெறுமை ஒலித்தவற்றில் என் கையாற் சோக்கினால் புள்ளி இடுவித்தார். அறுபது ஓடுகளில் முப்பத்துநான்குக்குப் புள்ளி விழுந்தது. பின் ஒன்றைப் பழுதின்றிக் கிளப்பிக் கவிழ்த்தார். முதுகில் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து சாந்து உருண்டைகள்; மற்ற இடமெல்லாம் வெறுமை. சாந்தை முழுப் பரப்பிலும் விரித்து ஓட்டை அமர்த்துவதற்குப் பதிலாக, உருண்டை வைத்து அழுத்தி மட்டம் பார்த்திருக்கிறார்கள். வேலை விரைவில் ஓடும்; சாந்தும் மிஞ்சும். சுவரோரத்தில் ஓடு விரிவதற்கு விடவேண்டிய இடைவெளியும் விடப்படவில்லை. ஆகவே ஓடுகள் ஒன்றையொன்று தள்ளி, பிடிப்பில்லாத இடத்தில் எழும்பிவிட்டன.

பின் அறைக்குப் போனார். அங்கே கிளப்பிய ஓட்டின் கீழே சாந்து முழுமையாக இருந்தது, மட்டமும் பிழையில்லை. ஆனால் விரலால் அழுத்தச் சாந்து மாவாக உதிர்ந்தது. கிணற்றுக்கு அணித்தான, வளவிலேயே தாழ்வான மூலை அது. "இது நிலத்தின்ரை வேலை" என்றார் முதியவர். "அது உம்முடைய வேலை" என்று மண்டபத்தைக் காட்டினார். மேசனார் தலையைக் குனிந்துகொண்டு, மண்டபத்தை முடித்த அந்த இரண்டு நாளும் தாம் வேறிடத்தில் நின்றதாகவும், பையன்கள் செய்ததாகவும் மெல்லிய குரலிற் சொன்னார்.

அடுத்த அமர்வில் இணக்கம் எழுதுவதற்கு அரை மணியும் செல்லவில்லை. மண்டபத்தின் முப்பத்துநான்கு ஓடுகளையும் கிளப்பி மீளப் பதிப்பது, உடையும் ஓட்டுக்கும் சீமெந்துக்கும் விலை கொடுப்பது மேசனார் பொறுப்பு. அறைத்தரை என் பொறுப்பு; நிலம் என்னுடையதாதலின் நிலத்தின் குற்றமும் என்னுடையது. அங்கே செய்யும் புதுவேலைக்கு அவருக்கு முழுக்கூலி. மண்ணை இடித்து இறுக்கி, பொலித்தீன் தாள் விரித்து, அதன்மேல் 75 மில்லிமீற்றர் கொங்கிறீற் போட்டு, பின்னர்தான் ஓடு. குழைக்கும் நீர் பவுசரில் வரும் நன்னீர். மணலை ஐப்பசியிலேயே பறித்துப் பரப்பி, மாரி முழுவதும் மழை கழுவ விடுவது, வேலை தையில். வெள்ளிநைத்திரேற்றுச் சோதனையால் விளைந்த ஒரே பயன் இந்தக் கடைசி விதிதான். நிறுத்தி வைத்த கூலியில் அரைவாசி மண்டபம் முடிந்ததும். மிகுதி, ஒரு சோளகக் காற்று வீசி ஓய்ந்தபின். உப்புத் தன்னைக் காட்டுவது அந்த வறண்ட மாதங்களிலேதான்.

மேசனார் ஒன்று மட்டும் வேண்டினார். 'மோசடி' என்ற சொல் தாளில் வரக்கூடாது. அது முன்னும் வந்ததில்லை, ஆயினும் "மண்டப வேலையிற் குறை, அறையில் நிலத்தின் உவர்" என்று இரண்டையும் பிரித்து எழுதும்படி நானும் கேட்டுக்கொண்டேன். அந்தத் தாளின் பிரதியை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பின்னர் வேலை பேசப்போன வீடுகளிலே அதனை எடுத்துக் காட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

சோளகம் ஓய்ந்து புரட்டாதி பிறந்ததும் மிகுதிப் பணத்தை வாங்க வந்தார். அறையில் ஒரு வெள்ளைக் கோடும் இல்லை. பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தேன். அவர் அதனைப் பாராமலே கரண்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய், சுவரோரம் தொடங்கித் தட்டிக்கொண்டே வந்தார். யன்னலுக்குக் கீழே நின்று மறுபடியும் தட்டினார். எனக்கு வேற்றுமை ஒன்றும் கேட்கவில்லை. "இந்த ஒண்டை எடுத்துப் பாக்கோணும் மாஸ்ரர். ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்றார். பணம் அதுவரை மேசைமேலேயே இருந்தது.