போர் விமான இறக்கையில் பிறந்த லியர்ஜெட்

சுவிட்சர்லாந்து தன் விமானப்படைக்காக உருவாக்கிய போர் விமானம் பி-16. சோதனைப் பறப்பில் விபத்துகள் நேர்ந்ததால், 100 விமானங்களுக்குக் கொடுத்த ஆர்டரை 1958-ல் அரசு ரத்து செய்துவிட்டது. விமானம் வீணானாலும் அதன் இறக்கை வீணாகவில்லை. அதன்மேல் பில் லியரின் கண் விழுந்தது.

லியர் அமெரிக்கர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கார் ரேடியோவிலும் விமானத்தைத் தானாக ஓட்டும் கருவியிலும் பெயர் வாங்கியவர். பி-16-இன் இறக்கை அமைப்பையும் சக்கரங்களையும் அடிப்படையாகக் கொண்டு, முதலாளிகள் பறக்க ஒரு சின்ன ஜெட் செய்யத் துணிந்தார். 1962-ல் தொழிலைச் சுவிட்சர்லாந்திலிருந்து அமெரிக்காவின் விச்சிட்டாவுக்கு மாற்றினார். அடுத்த ஆண்டு அக்டோபர் 7-ல் லியர்ஜெட் 23 பறந்தது.

அவருடைய கெட்டிக்காரத்தனம் எடையில்தான் தெரிகிறது. 12,500 பவுண்டுக்கு, அதாவது சுமார் 5,670 கிலோவுக்கு மேல் போகாத விமானத்துக்கு அன்றைய அமெரிக்க விதிகள் எளிமையானவை. அந்த வரம்புக்குள் நிற்க உடலை ஒடுக்கினார். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. அந்தக் காலத்தின் இன்னொரு தனியார் ஜெட்டான லாக்ஹீட் ஜெட்ஸ்டார் இதைப்போல மூன்று மடங்கு எடை! இத்தனை லேசான உடலுக்கு ராணுவ ஜெட் எஞ்சின் வழிவந்த இரண்டு எஞ்சின்களைப் பொருத்தினால் வேகத்துக்குக் கேட்கவா வேண்டும்?

1964 ஜூனில், அரசு சான்றிதழுக்கான சோதனையில் முதல் விமானமே விழுந்து எரிந்தது. இறக்கையின் மேற்புறத்தில் ஸ்பாய்லர் என்ற தகடுகள் உண்டு. அவை எழும்பினால் இறக்கையின் தூக்குவிசை குறையும்; கீழே இறங்கத்தான் அவை வேண்டும். அவற்றை மடக்காமலே விமானத்தை மேலேற்றிவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. கோளாறு விமானத்தில் இல்லை என்பதால் அடுத்த மாதமே சான்றிதழும் கிடைத்தது. கையில் காசில்லாத நேரத்தில் காப்பீட்டுத் தொகையும் கைகொடுத்தது.

ஆனாலும் புரொப்பல்லர் விமானத்தில் பழகிய கைகளுக்கு இந்த வேகம் புதிது. தொடக்க ஆண்டுகளில் பல விபத்துகள் நடந்தன. அந்தக் கணக்கை மறைத்துவிட்டு லியர்ஜெட்டின் புகழை மட்டும் பேசுவது நியாயமாகாது.

1967-ல் லியரின் நிறுவனம் கேட்ஸ் ரப்பர் நிறுவனத்திடமும், 1990-ல் கனடாவின் பம்பார்டியரிடமும் போனது. 3,000-க்கும் மேற்பட்ட விமானங்களைத் தந்த அந்த வரிசையில் கடைசி விமானம் 2022 மார்ச்சில் விச்சிட்டாவிலிருந்து வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. பழைய லியர்ஜெட்கள் பல இன்றும் வான் ஆம்புலன்ஸாக நோயாளிகளைச் சுமந்துகொண்டிருக்கின்றன.