உங்களுக்குத் தெரியுமா? வொஷிங்டன் மையில் மாசிக்காய்!

பிள்ளைக்கு உரைமருந்து உரைக்கும் மாசிக்காய் நம் அம்மம்மாமாருக்குப் புதிதல்ல. ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் புடைப்பு அது. அதன் சாற்றோடு அன்னபேதியும் பிசினும் சேர்த்த மையில்தான் ஜோர்ஜ் வொஷிங்டன் காலத்து அமெரிக்கத் தலைவர்கள் கடிதம் எழுதினார்கள். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப்பட்டுக் கறுக்கும், காலம் போகப் பழுப்பேறும். அதன் அமிலம் கடதாசியையே அரிக்கும் என்பதால், பழங்கடிதம் வாங்குவோர் மையெழுத்தின் ஓரங்களை உருப்பெருக்கியில் பார்ப்பதுண்டு.

இப்படிப்பட்ட பழங்கடிதங்களில் அதிக விலை வொஷிங்டனின் கையெழுத்துக்கு என்று நினைக்கவேண்டாம். 1776 சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட 56 பேரில் ஒருவரான பட்டன் குவினெட், மறு ஆண்டே துப்பாக்கிச் சண்டையில் காயப்பட்டு இறந்தார். அதனால் அரிதாகிப்போன அவர் கையெழுத்துக்கே பெரிய கிராக்கி, அது வெறும் கடன்சீட்டில் இருந்தாலும்!