பெயர்ப்பலகைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

அமெரிக்காவில் ஒரு வீடு விலைக்கு வந்தால் வாசல் புல்வெளியில் பலகை நட்டுவிடுவார்கள். செஞ்சுரி 21, ரீ/மேக்ஸ், கெல்லர் வில்லியம்ஸ், கோல்டுவெல் பேங்க்கர் என்று ஏதாவதொரு பெரிய பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே ஏஜென்ட்டின் சிரித்த முகமும் ஃபோன் எண்ணும். அதற்கும் கீழே, குனிந்து பார்த்தால்தான் தெரியும் பொடி எழுத்தில் ஒரு வரி: ஒவ்வொரு அலுவலகமும் தனி உரிமையாளருக்குச் சொந்தமானது, அவராலேயே நடத்தப்படுவது. வீடு பார்க்க வருகிறவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். டல்லாஸிலும் நியூ ஜெர்சியிலும் ஐ.டி. வேலையோடு சேர்த்தோ அதை விட்டுவிட்டோ ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எடுக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். பெரிய நிறுவனத்தின் பெயரைக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் ஃப்ரான்சைஸ் அலுவலகத்தில் சேர்வதா, உள்ளூர்க்காரர் ஒருவர் தம் சொந்தப் பெயரில் நடத்தும் அலுவலகத்தில் சேர்வதா என்ற கேள்விக்கான விடையில் பாதி அந்த வரியில் இருக்கிறது.

எதிலும் சேராமல் தனியாக நடத்த முடியாதா? தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ஒருவர் தனிநபராகவே ஏஜென்ட் என்று பதிவு செய்துகொண்டு தொழில் நடத்தலாம். அமெரிக்க மாநிலங்களில் அது நடக்காது. அங்கே லைசென்ஸில் இரண்டு படிகள் உண்டு. டெக்சஸில் 180 மணி நேரமும் கலிபோர்னியாவில் 135 மணி நேரமும் படித்துத் தேர்வெழுதித் தேறினால் கிடைப்பது முதல் படி லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு, இரண்டாம் படி லைசென்ஸ் பெற்ற ஒரு புரோக்கரின் கீழ்தான் வேலை செய்யலாம். கமிஷன் பணமும் அந்தப் புரோக்கர் கைக்குப் போய்த்தான் ஏஜென்ட்டுக்கு வரும். தாமே புரோக்கர் ஆக கலிபோர்னியாவில் 2 ஆண்டு முழுநேர அனுபவமும் டெக்சஸில் 4 ஆண்டு அனுபவமும் வேண்டும். அதுவரை யாராவது ஒருவர் நிழலில் நின்றாக வேண்டும். நிழல் தருகிறார் என்பதற்காக அவர் சம்பளம் தரமாட்டார். வருமான வரிச் சட்டத்தின் 3508-ஆம் பிரிவு இந்த ஏஜென்ட்டுகளை ஊழியர்களாகக் கருதுவதில்லை. பெட்ரோல், ஃபோன், விளம்பரம், மருத்துவக் காப்பீடு எல்லாம் சொந்தச் செலவு. வீடு விற்றால்தான் வரவு.

ஃப்ரான்சைஸ் முறை இந்தத் தொழிலுக்குள் வந்த காலத்தில் அதற்கு வலுவான காரணம் இருந்தது. 1971-இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் ஆர்ட் பார்ட்லெட், மார்ஷ் ஃபிஷர் என்ற இருவர் செஞ்சுரி 21-ஐத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்த சின்னச் சின்னப் புரோக்கர் அலுவலகங்களை ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்து, ஏஜென்ட்டுகளுக்குப் பொன்னிறக் கோட்டு மாட்டிவிட்டு, தேசம் முழுவதும் விளம்பரம் செய்தார்கள். 1973-இல் டென்வரில் டேவ் லினிகர், கெயில் லினிகர் இருவரும் ரீ/மேக்ஸை ஆரம்பித்தார்கள். அந்த நாளில் எந்தத் தெருவில் எந்த வீடு விலைக்கு இருக்கிறது என்ற தகவலே புரோக்கர்களின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. சிகாகோவிலிருந்து வேலை மாற்றலாகி ஃபீனிக்ஸுக்கு வருகிற குடும்பத்துக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. தெரிந்த பெயருள்ள பலகையைக் கண்டால் ஒரு தைரியம். அந்தத் தைரியத்துக்குத்தான் அலுவலக உரிமையாளர் ராயல்டி கட்டினார். கட்டியது வீண் என்று யாரும் அன்று சொல்லியிருக்க முடியாது.

இன்று அந்தப் பூட்டு இல்லை. புரோக்கர்கள் தங்கள் கையில் உள்ள வீடுகளைப் பகிர்ந்துகொள்ளும் எம்.எல்.எஸ். பட்டியலில் நாலு பேர் இருக்கும் அலுவலகமும் நாலாயிரம் பேர் இருக்கும் நிறுவனமும் சமம். 2006-இல் ஜில்லோ வந்த பிறகு அந்த வீடுகளை வாங்குகிறவரே படுக்கையில் படுத்தபடி பார்த்துவிடுகிறார். தகவல் பொதுவாகிவிட்டால் பெயருக்கு மிச்சமிருக்கும் வேலை, தரத்துக்கு உறுதி சொல்வது. ஒரு செயின் ஹோட்டலின் எந்தக் கிளையிலும் சாம்பார் ஒரே ருசியாக இருக்கிறதென்றால், மசாலாவும் சமையல் முறையும் மேலிடத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன என்று பொருள். வீட்டுத் தரகில் அந்தக் கட்டுப்பாட்டுக்கு இடமே இல்லை. அலுவலகம் தனி உரிமையாளருடையது. அதிலிருக்கும் ஏஜென்ட்டோ ஊழியரே அல்ல. ஒரே பலகையின் கீழ் இருபது வருட அனுபவசாலியும் இருப்பார், போன மாதம் லைசென்ஸ் வாங்கியவரும் இருப்பார். வாடிக்கையாளர்களுக்கு இது தெரிந்தே இருக்கிறது. அமெரிக்க ரியல்டர்கள் சங்கமான என்.ஏ.ஆர். ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பில், வீடு விற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் ஏஜென்ட்டைத் தெரிந்தவர் சொல்லியோ, முன்பே பழகியவர் என்பதாலோ தேர்ந்தெடுத்ததாகச் சொல்கிறார்கள். அவர்கள் தேடிப் போனது ஆளை. பலகை அந்த ஆளோடு கூடவே வந்தது.

ஆகவே என் வாதம் இதுதான்: ஃப்ரான்சைஸா, சொந்தப் பெயரா என்பது ஏஜென்ட்டைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வி. அந்த ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தில் பணம் எப்படிப் பிரிகிறது, சிக்கல் வந்தால் யார் பக்கத்தில் உட்காருவார், விட்டுப் போகும்போது கையில் என்ன மிஞ்சும் என்பவை முதல் கேள்விகள்.

பணத்தை எடுத்துக்கொள்வோம். 4 லட்சம் டாலர் வீடு, 2.5% கமிஷன், ஆக 10,000 டாலர். கெல்லர் வில்லியம்ஸில் நீண்ட காலமாகச் சொல்லப்படும் பங்கீடு 64-30-6. ஏஜென்ட்டுக்கு 6,400, உள்ளூர் அலுவலகத்துக்கு 3,000, தலைமைக்கு ராயல்டி 600. ராயல்டி ஆண்டுக்கு 3,000 டாலரை எட்டியதும் நின்றுவிடும். அலுவலகப் பங்குக்கும் ஊருக்கு ஊர் மாறுபடும் ஓர் உச்சவரம்பு உண்டு. ரீ/மேக்ஸ் புகழ்பெற்றது வேறு வழியில்: கமிஷனில் பெரும்பகுதியை ஏஜென்ட்டே வைத்துக்கொள்ளலாம், பதிலுக்கு மாதாமாதம் மேசை வாடகைபோல ஒரு கட்டணம் கட்ட வேண்டும். வீட்டுக்கு அதே 10,000 டாலர் கமிஷன் என்று கொண்டு, இந்த இரண்டு வழிகளையும் ஓர் எளிய கற்பனைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். முதல் அலுவலகம் 70-30 பங்கு, மாதக் கட்டணம் இல்லை. இரண்டாவது அலுவலகம் 95-5 பங்கு, மாதம் 1,000 டாலர் கட்டணம். ஆண்டுக்கு 12 வீடு விற்கும் கெட்டிக்காரருக்கு முதலாவதில் 84,000 டாலர், இரண்டாவதில் 1,02,000. நான்கு வீடு விற்பவருக்கு 28,000-ம் 26,000-மும். ஐந்தாவது வீட்டில்தான் தராசு மறுபக்கம் சாய்கிறது. முதல் வருடம் தட்டுத்தடுமாறி ஒரே ஒரு வீடு விற்றவர் முதல் அலுவலகத்தில் 7,000 டாலரோடு வீட்டுக்குப் போவார். இரண்டாவதில் கையிலிருந்து 2,500 டாலர் போட வேண்டியிருக்கும். ‘95 சதவீதம் உங்களுக்கே’ என்று யாராவது சொன்னால் காகிதமும் பேனாவும் எடுக்க வேண்டிய நேரம் அது. கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்த இரண்டு வகைக் கணக்கும் ஃப்ரான்சைஸ் அலுவலகங்களிலும் உண்டு, சொந்தப் பெயர் அலுவலகங்களிலும் உண்டு. பலகையைப் பார்த்துப் பங்கீட்டை ஊகிக்க முடியாது.

புதியவருக்குப் பயிற்சி வேண்டாமா, அதைப் பெரிய நிறுவனம்தானே தரும் என்பது நியாயமான மறுப்பு. ஃப்ரான்சைஸ் நிறுவனங்கள் பயிற்சிக்கென்றே பாடத்திட்டம் வைத்திருப்பது உண்மை. அவற்றில் சில நல்லவை. ஆனால் வகுப்பறை பெரும்பாலும் சொல்லித்தருவது ஆள் பிடிக்கும் கலை: யாருக்கு ஃபோன் செய்வது, என்ன பேசுவது, நாளுக்கு எத்தனை பேரிடம் பேசுவது. வீட்டு ஆய்வில் அஸ்திவாரத்தில் விரிசல் என்று அறிக்கை வந்து, பின்வாங்கும் கெடு நாளை மாலையோடு முடிகிறது, வங்கி மதிப்பீட்டாளரோ வீட்டுக்குப் பேசிய விலையைவிட 15,000 டாலர் குறைத்து எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ராத்திரி ஒன்பது மணிக்குப் பாடத்திட்டம் ஃபோன் எடுக்காது. எடுக்க வேண்டியவர், சட்டப்படி ஏஜென்ட்டின் வேலைக்குப் பொறுப்பேற்றிருக்கும் புரோக்கர். அவர் ஒப்பந்தத்தை வரிவரியாகப் பார்த்து, எந்தத் திருத்தப் படிவத்தை எப்போது அனுப்புவது என்று சொல்லித்தருவதுதான் இந்தத் தொழிலின் உண்மையான பயிற்சி. அப்படிப்பட்டவர் 200 ஏஜென்ட் உள்ள ஃப்ரான்சைஸ் அலுவலகத்திலும் இருக்கக்கூடும், எட்டுப் பேர் உள்ள உள்ளூர் அலுவலகத்திலும் இருக்கக்கூடும். சொந்தப் பெயர் அலுவலகங்களைப் பற்றி இனிப்பாகவே பேசுகிறவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். பல இடங்களில் உரிமையாளரே முழுநேரம் வீடு விற்கிறவர். வாசலுக்கு வரும் நல்ல வாடிக்கையாளர் முதலில் அவருக்குத்தான். ஏஜென்ட்டுக்கு உதவ நேரமும் இல்லை, மனமும் இல்லை என்றால் அங்கே சேர்வதைவிட ஒழுங்காக நடக்கும் ஃப்ரான்சைஸ் எவ்வளவோ மேல். முதல் சந்திப்பிலேயே அந்தப் புரோக்கரிடம், ‘நீங்களும் வீடு விற்கிறீர்களா?’ என்று கேட்டுவிடலாம். கேட்பதில் தப்பில்லை.

இரண்டாவது மறுப்பு நம்பிக்கை பற்றியது. ஊர் தெரியாத மனிதருக்குப் பெரிய பெயர் இன்னமும் தைரியம் தரத்தான் செய்கிறது. ராணுவ முகாம் உள்ள ஊர்கள், கம்பெனி மாற்றலில் ஆட்கள் வந்து போகிற நகரங்கள், பல லட்சம் டாலர் மாளிகைகளின் சந்தை ஆகியவற்றில் இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நகரத்து அலுவலகம் இன்னொரு நகரத்துக்கு வாடிக்கையாளரைக் கைகாட்டி அனுப்பும் ஏற்பாடும் ஃப்ரான்சைஸ்களின் பழைய பலம். அப்படி வரும் வாடிக்கையாளர் இலவசம் அல்ல. அனுப்பியவருக்குக் கமிஷனில் 25% அல்லது அதற்கும் மேல் போய்விடுவது வழக்கம். என்றாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். தம் கோயில், தம் சங்கம், பிள்ளைகளின் பள்ளி என்று தெரிந்த வட்டத்தை நம்பித் தொழிலுக்கு வருகிறவருக்கோ இந்தப் பலம் பயன்படாது. அவரிடம் வருகிறவர்கள் அவரைத் தெரிந்தே வருகிறார்கள்.

பெயரை நம்புகிறவர்கள் அந்தப் பெயர் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். செஞ்சுரி 21 1979-இல் டிரான்ஸ் வேர்ல்ட் கார்ப்பரேஷனுக்கும், 1985-இல் மெட்லைஃப் காப்பீட்டு நிறுவனத்துக்கும், 1995-இல் எச்.எஃப்.எஸ். நிறுவனத்துக்கும் கைமாறியது. பிறகு ரியாலஜி நிறுவனத்தின் வசம் வந்தது; 2022-இல் ரியாலஜியே எனிவேர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2025-இல் அந்த எனிவேரையே வாங்கிக்கொள்ள, 2012-இல்தான் பிறந்த காம்பஸ் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. பலகையின் நிறம் மாறாமலே மேலே முதலாளி மாறிக்கொண்டிருக்கலாம். வழக்கும் மேலிருந்து வரலாம். 2023 அக்டோபர் 31 அன்று கான்சஸ் சிட்டியில் ஒரு ஜூரி, கமிஷனைக் கூட்டுச் சேர்ந்து உயர்த்திவைத்ததாக என்.ஏ.ஆர்., கெல்லர் வில்லியம்ஸ், ஹோம்சர்வீசஸ் என்ற புரோக்கர் நிறுவனம் ஆகியவற்றுக்கு எதிராகச் சுமார் 178 கோடி டாலர் தீர்ப்பளித்தது. ரீ/மேக்ஸும் எனிவேரும் முன்பே சமரசம் செய்துகொண்டுவிட்டன. என்.ஏ.ஆர். 2024 மார்ச்சில் 41.8 கோடி டாலருக்குச் சமரசமானது; 2022-இல் 200 கோடி டாலருக்கு மேற்படாத வியாபாரம் செய்த அலுவலகங்களுக்கு அந்தச் சமரசத்திலேயே பாதுகாப்பும் கிடைத்தது. சின்ன அலுவலகம் என்றால் வழக்கில் நாதியற்று நிற்கும் என்ற பயத்துக்கு இந்த விஷயத்தில் ஆதாரமில்லை.

அந்தச் சமரசத்தால் வந்த விதிமாற்றம் தீர்ப்புத் தொகையைவிடப் பெரியது. 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குகிறவரின் ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கமிஷன் என்பதை எம்.எல்.எஸ். பட்டியலில் போடக்கூடாது, ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே வாங்குகிறவரோடு எழுத்து ஒப்பந்தம் செய்து, கட்டணத்தை அதில் குறிப்பிட்டாக வேண்டும். முன்பெல்லாம் கமிஷன் எங்கிருந்தோ தானாக வருவதுபோல இருந்தது. இப்போது ஏஜென்ட் ஒருவர் வாடிக்கையாளரின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ‘உங்களுக்கு நான் எதற்கு 10,000 டாலர் தர வேண்டும்?’ என்ற கேள்விக்கு நேருக்கு நேர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பலகையைக் காட்டி அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. அந்தப் பேச்சைப் பழக்கிக் கொடுக்கும் அலுவலகம் எதுவோ, அதன் பெயர் என்னவாக இருந்தாலும் கவலையில்லை.

ஏஜென்ட்டாக இல்லாமல் அலுவலகமே திறக்கப் போகிறவருக்குக் கணக்கு வேறு. ராயல்டி, விளம்பர நிதி, பல ஆண்டு ஒப்பந்தம் எல்லாம் அவர் தலையில். அவருக்குச் சட்டம் நல்ல ஆயுதம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதிப்படி, கையெழுத்துக்கு 14 நாள் முன்பே 23 தலைப்புகள் கொண்ட விளக்க ஆவணத்தை ஃப்ரான்சைஸ் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அதில் 20-ஆவது தலைப்பு, கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை அலுவலகங்கள் திறந்தன, எத்தனை மூடின என்று சொல்லும். சமீபத்தில் விலகியவர்களைத் தொடர்புகொள்ளும் விவரமும் அங்கே இருக்கும். விற்பனைப் பிரதிநிதியோடு பத்துக் காபி குடிப்பதைவிட, விலகிய மூன்று பேரோடு பேசுவது லாபம்.

ஏஜென்ட்டுக்கு அப்படி ஓர் ஆவணத்தைச் சட்டம் வாங்கித்தரவில்லை. அவர் கையெழுத்திடுவது அலுவலகத்தோடு செய்யும் ஒப்பந்தம் ஒன்றில், பெரும்பாலும் சில பக்கங்கள். சேரும் உற்சாகத்தில் பங்கீட்டு சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போடுகிறவர்கள் அதிகம். பார்க்க வேண்டிய இடம் வெளியேறும் பகுதி. விற்பனைக்கு எடுத்த வீட்டின் ஒப்பந்தம் சட்டப்படி புரோக்கருடையது; ஏஜென்ட் அலைந்து திரிந்து பிடித்ததாக இருந்தாலும், அவர் விலகும்போது புரோக்கர் விட்டுக்கொடுத்தால்தான் கூடவே வரும். பேசி முடித்துப் பத்திரப்பதிவுக்குக் காத்திருக்கும் வீட்டில் பங்கு பழைய விகிதத்திலேயே கிடைக்குமா, குறையுமா? அலுவலக மென்பொருளில் சேர்த்துவைத்த வாடிக்கையாளர் பெயர்களை எடுத்துக்கொண்டு போகலாமா? தொழில் தவறுக் காப்பீட்டில் ஒரு புகார் வந்தால் முதல் சில ஆயிரம் டாலரைக் கட்டுவது யார்? இவற்றுக்கு ‘அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் சொல்கிற புரோக்கரிடம், அந்தப் பதிலை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதமாட்டார் என்றால் அடுத்த அலுவலகத்துக்கு நேரம் கேட்கலாம்.