குளிர்ந்த காற்றும் கூடுதல் வலிமையும்

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோம். அழுத்தப்படும் காற்று சூடேறும் என்பதே இதன் காரணம். டர்போ பொருத்திய காரிலும் இதுவே நிகழ்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதே டர்போ. இம்முறைக்கு 1905-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் சுவிஸ் நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி.

சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 100 டிகிரி செல்சியஸிலுள்ள காற்றை அதே அழுத்தத்தில் 50 டிகிரிக்குக் குளிர்வித்தால், அடர்த்தி சுமார் 15 சதவீதம் கூடும். இப்பணியைச் செய்வதே இன்டர்கூலர். 1992-இல் ஜப்பானில் வெளிவந்த சுபாரு இம்ப்ரேஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரில் அது எஞ்சினின் மேலேயே அமர்ந்துள்ளது. பானெட்டில் திறந்திருக்கும் 'ஸ்கூப்' என்னும் வாய் அதற்குக் காற்றூட்டுகிறது.

இத்தகைய பழைய காருக்குப் பெரிய இன்டர்கூலர் பொருத்துவோர் ஸ்கூப்பையும் பெரிதாக்குவர். இரண்டிற்கும் இடையே ரப்பர் தடுப்பு இல்லையேல், காற்று பக்கவாட்டில் நழுவிவிடும். கார் நிற்கும்போதோ, எஞ்சினின் சூடு மேலேறி இன்டர்கூலரையே சுடவைக்கும். இன்டர்கூலர் அளவு மீறிப் பெரிதானால், அதை நிரப்பக் காற்றுக்கு நேரமாகும். மிதித்தவுடன் கார் பாயாது. காற்று கூடும்போது எரிபொருளும் அதற்கேற்பக் கூட வேண்டும். இல்லையேல் எஞ்சினில் 'நாக்கிங்' உண்டாகிப் பிஸ்டனே உடையக்கூடும்.

ஆகவே தோழியரே, ஓர் உறுப்பை மட்டும் பெரிதாக்கினால் போதாது; மற்றவையும் அதற்கு இசைய வேண்டும். அளவறிந்த வலிமையே பயன் தரும் என்பதை இவ்வியந்திரமும் நமக்குக் கற்பிக்கிறதன்றோ!