0.1 ஜெல் 0.3 ஆனால் அது கண்டுபிடிப்பா? முகப்பரு மருந்துக்காக நடந்த சட்ட யுத்தம்

முகப்பருவுக்கு டாக்டர் எழுதித்தரும் ஜெல்களில் 'அடாபலீன்' என்ற பெயரை நம்மில் பலர் பார்த்திருப்போம். ட்யூபின் மேல் 0.1% என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த 0.1 என்பது 0.3 ஆனால், அது புதிய கண்டுபிடிப்பா? அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் இதற்காகவே கோர்ட் படி ஏறின.

'டிஃபரின்' என்ற பெயரில் 0.1% ஜெல்லை விற்றுவந்தது கால்டெர்மா. பிறகு 0.3% ஜெல்லைக் கொண்டுவந்து, அதற்குத் தனியாகக் காப்புரிமையும் வாங்கியது. அதே 0.3% ஜெல்லை ஜெனரிக் மருந்தாகத் தயாரிக்க டோல்மார் கம்பெனி அனுமதி கேட்டது. உடனே வழக்கு! காப்புரிமை நின்றால் கடையில் ஒரே ட்யூப், அவர்கள் வைத்ததுதான் விலை. விழுந்தால் போட்டிக்கு இன்னொரு ட்யூப் வரும்.

காப்புரிமைக்கு ஒரு பொருள் புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் துறை தெரிந்த ஒருவர், ஏற்கெனவே வெளியான இரண்டு, மூன்று ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தே அதைச் செய்துவிடலாம் என்றால் காப்புரிமை கிடையாது. ஆனால், சேர்த்துப் பார்க்க ஒரு காரணம் வேண்டும். வீட்டில் புளியும் பாலும் இருக்கிறது என்பதற்காக யாரும் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றமாட்டார்கள், இல்லையா?

இந்த வழக்கில் காரணத்தைத் தேட வேண்டியே இருக்கவில்லை. அடாபலீனை 0.01% முதல் 1% வரை பயன்படுத்தலாம் என்று பழைய காப்புரிமைகளே சொல்லியிருந்தன. ஜெல்லில் சேர்க்கும் மற்ற பொருள்கள், 0.1% ஜெல்லின் தகவல் தாளில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மிச்சமிருப்பது 0.3 என்ற ஒரே எண். அதுவும் சொல்லப்பட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது.

கால்டெர்மாவும் சளைக்கவில்லை. "அளவைக் கூட்டினால் தோல் எரிச்சலும் கூடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எதிர்பாராதவிதமாக 0.3% ஜெல்லையும் தோல் ஏற்றுக்கொண்டது" என்று வாதாடியது. விற்பனை அமோகம் என்பதையும் ஆதாரமாகக் காட்டியது. டெலவேர் மாவட்ட நீதிமன்றம் 2012ல் இதை ஏற்றுக்கொண்டது.

ஆனால், 2013 டிசம்பரில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. எரிச்சல் கூடலாம் என்று தெரிந்திருந்தாலும், 'இதை முயற்சி செய்யாதே' என்று யாரையும் தடுக்கும் அளவுக்கு எந்த ஆவணமும் சொல்லவில்லை என்றது. விற்பனை வெற்றிக்கும் மதிப்பு தரவில்லை. பழைய காப்புரிமைகள் மற்ற கம்பெனிகளை உள்ளேயே விடாதபோது, தனியாக ஓடியவர் முதலிடம் வந்ததில் என்ன அதிசயம்?

பழைய ஆவணங்களின் பலம் நம் ஊருக்குப் புதிதல்ல. காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தபோது, இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் கட்டுரைகளையும் அடுக்கி, 1997ல் அதை ரத்து செய்யவைத்தது. மஞ்சளை எல்லோருக்கும் தெரியும். 0.3 என்ற எண் அந்த அளவுக்குச் சுலபமில்லை.

மூன்று நீதிபதிகளில் ஒருவரான பாலின் நியூமேனுக்கும் இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. காப்புரிமை செல்லாது என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அந்தச் சுமையைக் காப்புரிமை வைத்திருப்பவரின் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்று தனியாக எழுதிவைத்தார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்தது டோல்மார்.