உங்க வாசல் கோலத்துல எத்தனை கோடு?

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கோங்க. இந்தக் கட்டுரையை வரைஞ்சுகிட்டேதான் படிக்கணும்.

அகலத்துல 3 புள்ளி, உயரத்துல 4 வரிசை வைங்க. மொத்தம் 12 புள்ளி. இதுல ஒரு சிக்குக் கோலம் போடப் போறோம். விதி ரெண்டே ரெண்டுதான்.

1. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற எந்த ரெண்டு புள்ளியை எடுத்தாலும், நடுவுல ரெண்டு கோடு சாய்வா வெட்டிக்கிட்டுப் போகணும். மேல், கீழ் இருக்கிற புள்ளிகளுக்கும் இதே கதைதான்.
2. ஓரத்துக்கு வந்துட்டா கடைசிப் புள்ளியைச் சுத்தி வளைஞ்சு உள்ளே திரும்பணும்.

கையை எடுக்காம போய்க்கிட்டே இருங்க. எல்லாப் புள்ளியையும் சுத்திட்டு, ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து சேருவீங்க. மொத்தக் கோலமும் ஒரே கோடு.

இப்போ ஒரு வரிசையைக் குறைச்சு 3-க்கு 3 வைங்க. புள்ளி குறைஞ்சதால இன்னும் ஈஸியா இருக்கும்னு தோணும். ஆனா கோடு பாதியிலேயே ஆரம்பிச்ச இடத்துக்கு வந்து மூடிக்கும், மீதி இடம் அப்படியே காலியா நிக்கும். மறுபடி வேற இடத்துல ஆரம்பிக்கணும். எல்லாம் முடியும்போது 3 தனித்தனிக் கோடு இருக்கும்.

2-க்கு 4 போட்டா 2 கோடு. 4-க்கு 5 போட்டா 1 கோடு. 4-க்கு 6 போட்டா 2 கோடு. 6-க்கு 9 போட்டா 3 கோடு.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி, என்ன பேட்டர்ன்னு நீங்களே யோசிங்க. அடுத்த பாராவை அப்புறம் படிக்கலாம்.

ஆறாம் வகுப்பு ஹெச்.சி.எஃப்

கண்டுபிடிச்சிருப்பீங்க. ரெண்டு எண்ணையும் மீதி இல்லாம வகுக்கிற பெரிய எண், அதாவது மீப்பெரு பொது வகுத்தி, அதுதான் கோடுகளோட எண்ணிக்கை. 6-க்கும் 9-க்கும் ஹெச்.சி.எஃப் 3, அதனால 3 கோடு. 3-க்கும் 4-க்கும் 1, அதனால ஒரே கோடு.

சரி, ஏன்? கோலத்தை ஒரு கேரம் போர்டா நினைச்சுக்கோங்க. 3 அடி அகலம், 4 அடி உயரம், ஒவ்வொரு ஒரு அடிக் கட்டத்துக்கும் நடுவுல ஒரு புள்ளி. கோலக் கோடுதான் ஸ்ட்ரைக்கர். எப்பவும் 45 டிகிரியில போகும், சுவர்ல பட்டா அதே கோணத்துல திரும்பும்.

அது இடது சுவர்ல இருந்து வலது சுவருக்குப் போய்த் திரும்பி வர, பக்கவாட்டுல 6 அடி நகரணும். கீழிருந்து மேலே போய்த் திரும்ப 8 அடி. 45 டிகிரிங்கிறதால ரெண்டு பக்கமும் ஒரே வேகம். ரெண்டு பயணமும் ஒரே நேரத்துல முடிஞ்சாதான் கோடு ஆரம்பிச்ச இடத்துக்கு வரும். 6-க்கும் 8-க்கும் எல்.சி.எம் 24. அந்த 24 அடிப் பயணத்துல இடது சுவரை 24 ÷ 6 = 4 தடவை தொடும். இடது சுவர்ல இருக்கிறதே 4 வரிசைதான். நாலையும் ஒரே கோடு தொட்டுட்டா, இன்னொரு கோட்டுக்கு இடமே இல்லை.

2-க்கு 4 எடுத்தா, 4-க்கும் 8-க்கும் எல்.சி.எம் 8. இடது சுவரை 8 ÷ 4 = 2 தடவைதான் தொடும். சுவர்ல 4 வரிசை இருக்கு, அப்போ மீதி ரெண்டைத் தொட இன்னொரு கோடு வேணும். ஆக 2 கோடு. நிரூபணம் முடிஞ்சது. எந்த நீள அகலத்துக்கும் இதே வாதம் செல்லும்.

அம்மாக்களோட டெக்னிக்

குடியாத்தத்துல மார்கழிக் காலையில எந்தத் தெருவுல நடந்தாலும் சதுரப் புள்ளி வெச்ச சிக்குக் கோலம் ஒண்ணாவது கண்ணுல படும். சதுரம்னா ஹெச்.சி.எஃப் 1 வராதே, அப்புறம் எப்படி சிலர் அதை ஒரே கம்பியா இழுத்து முடிக்கிறாங்க?

உங்க 3-க்கு 3 கோலத்துல ரெண்டு வேற வேற கோடு வெட்டிக்கிற ஒரு இடத்தைப் பாருங்க. அங்க வெட்டிக்க விடாம, ரெண்டையும் தொடாம வளைச்சுத் திருப்பி விடுங்க. ரெண்டு கோடும் சேர்ந்து ஒண்ணாயிடும். ஒவ்வொரு தடவை இப்படிச் செய்யும்போதும் ஒரு கோடு குறையும். 3 கோட்டை ஒண்ணாக்க 2 இடத்துல மாத்தினா போதும். 5-க்கு 5 கோலத்துக்கு 4 இடம்.

எந்தக் கோலப் புத்தகமும் பார்க்காம கை இதைச் செய்யுது. செய்யறவங்களைக் கேட்டா, "எனக்குக் கணக்கெல்லாம் வராதுப்பா"ன்னு சொல்வாங்க.

தாம்பரத்துல இருந்து அங்கோலா வரை

இதைக் கணிதமா எடுத்துப் பார்த்தவங்க நம்ம ஊர்லயே இருந்தாங்க. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவங்களோட கமலா கிருதிவாசன், மூணு பேரும் சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. ஒரு மொழியோட வாக்கியங்களைச் சில இலக்கண விதிகள் உருவாக்குற மாதிரி, கோலத்தையும் விதிகளால உருவாக்க முடியும்னு காட்டினாங்க. சிஎஸ்இ மக்களே, தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்ல "கிராமர்"னு ஒண்ணு படிச்சு நொந்து போயிருப்பீங்களே, அதே கிராமர்தான். ஒரு வரிசை எழுத்துக்குப் பதிலா ரெண்டு பரிமாணப் படத்துக்கு அதை விரிச்சாங்க.

ஆப்பிரிக்காவுல அங்கோலா பக்கம் சோக்வே மக்கள்கிட்ட 'சோனா'ன்னு ஒரு மணல் ஓவியம் இருக்கு. மணல்ல விரலால புள்ளி வெச்சு, அதைச் சுத்தி விரலை எடுக்காம கோடு இழுத்துக்கிட்டே கதை சொல்வாங்க. மொசாம்பிக்ல வேலை பார்த்த கணிதவியலாளர் பவுலஸ் கெர்டஸ் இதைப் பல வருஷம் ஆராய்ந்தார். செவ்வகப் புள்ளிகள் மேல வர்ற ஒரு வகை சோனாவுக்கும் அதே ஹெச்.சி.எஃப் விதிதான். வேற கண்டம், வேற மக்கள், கணக்கு மட்டும் ஒண்ணு.

இதை ஏன் இப்போ சொல்றேன்?

ஸ்கூல்ல ஹெச்.சி.எஃப் நமக்கு எப்படி வந்துச்சு? முதல்ல வரையறை, அப்புறம் வழிமுறை, அப்புறம் பயிற்சி 20 கணக்கு. எதுக்குன்னு கேள்வியே இல்லாம பதில் மட்டும் கைக்கு வந்துச்சு. கோலத்துல ஆர்டர் தலைகீழ். முதல்ல விளையாட்டு, அதுல ஒரு ஆச்சரியம், "ஏன்?"னு ஒரு கேள்வி, கடைசியாத்தான் ஹெச்.சி.எஃப். அப்போ அது தேவைப்பட்டு வருது.

இந்த ஆர்டர் சின்ன விஷயம் இல்லை. தறி, பீடி, தீப்பெட்டி, ஷூ கம்பெனி வேலைக்குப் போறவங்க வீட்டுப் பசங்க நம்ம ஊர்ல எவ்வளவோ பேர். ஏழாவதுல "உனக்குக் கணக்கு வராது"ன்னு யாரோ சொன்னதை நம்பிட்டா, பதினொண்ணாவதுல மேத்ஸ் இல்லாத குரூப். அதோட இன்ஜினியரிங் கதவு பெரும்பாலும் மூடிடுது. விருப்பத்தோட வேற குரூப் எடுத்தா சந்தோஷம். பயத்துல எடுத்தா நஷ்டம். அந்தப் பிள்ளை தினமும் காலையில வாசல்ல ஹெச்.சி.எஃப் போட்டுட்டுத்தான் ஸ்கூலுக்கே போயிருக்கும்.

அடுத்த என்எஸ்எஸ் கேம்ப்ல ஸ்கூலுக்குப் போனா பிபிடி வேண்டாம், ஒரு பாக்கெட் சாக்பீஸ் எடுத்துட்டுப் போங்க. மழை பெய்தா தீப்பெட்டி போதும். குச்சிகளை வெச்சு ஒட்டி ஒட்டிச் சதுரம் அடுக்கச் சொல்லுங்க. முதல் சதுரத்துக்கு 4 குச்சி, அடுத்த ஒவ்வொண்ணுக்கும் 3. "40 குச்சியில எத்தனை சதுரம்?"னு கேளுங்க. 13-ன்னு பதில் வந்த பிறகு, போர்டுல 3n + 1 எழுதுங்க. எக்ஸ், ஒய் பார்த்தாலே பயப்படுற பிள்ளை கூட அந்த n யாருன்னு தெரிஞ்சு வெச்சிருக்கும்.

கடைசியா உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். செவ்வகத்தை விட்டுடுங்க. 1, 3, 5, 3, 1-ன்னு வைரம் மாதிரி புள்ளி வெச்சு, அதே ரெண்டு விதியில கோடு இழுங்க. எத்தனை கோடு வருது? 1, 3, 5, 7, 5, 3, 1 வெச்சா? போடறதுக்கு முன்னாடி ஒரு நம்பரை யூகிச்சு ஓரமா எழுதி வைங்க. சந்தேகம் வந்தா கூகுள் வேண்டாம், அம்மாகிட்ட கேளுங்க.