பழைய காருக்கு வேறு எஞ்சின்: காசு கொடுக்கும் முன் அளந்து பாருங்கள்

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் சிலவற்றின் வளவு மூலையில் இன்னும் ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் நிற்கின்றது. தகரத்தில் கறள் ஏறியிருந்தாலும் உடல் உறுதியாக இருக்கும். எஞ்சின் மாத்திரம் பழுதாகியிருக்கும். 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் சிறிதளவு பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடியவை இத்தகைய கார்களே. சந்தைக்கு மரக்கறியையும் ஆஸ்பத்திரிக்கு நோயாளரையும் கொண்டு சென்றவை அவை. இவற்றுக்கு வேறு எஞ்சின் பூட்டலாமா என்று பலர் எம்மிடம் கேட்கின்றனர். பூட்டலாம். ஆனால், எஞ்சின் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது. நாம் அப்படி எண்ணிப் பட்டுத்தான் அறிந்தோம்.

பெயர் ஒன்று, அளவு வேறு

மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. 1952 முதல் அதற்கு 803 சீசீ எஞ்சினும், 1956 முதல் 948 சீசீ எஞ்சினும், 1962 முதல் 1098 சீசீ எஞ்சினும் பூட்டப்பட்டன. வெளித்தோற்றத்தில் மூன்றும் ஒரு தாய் பிள்ளைகள் போலவே இருக்கும்.

எமது 948 காருக்கு ஒரு 1098 எஞ்சினை வாங்கினோம். "மைனருக்கு மைனர் எஞ்சின்தானே" என்பது எமது கணக்கு. இறக்கி வைத்துப் பார்த்தபோது கியர் பெட்டியுடன் அது சேரவில்லை. 948இன் கிளச் தட்டு 6¼ அங்குலம். 1098இன் தட்டு 7¼ அங்குலம். தட்டுப் பெரிதானால் அதை மூடும் கியர் பெட்டியின் வாயும் பெரிதாக இருக்க வேண்டும். வெங்காய நடுகைக் காலத்தில் கார் மரக்குற்றிகளின் மேல் நின்றது.

துளைகளை அரத்தால் ராவிப் பெருப்பிக்கலாம் என்றார் ஓர் இளைஞர். முதிய மெக்கானிக் தடுத்தார். "தம்பி, துளை பொருந்தும், நடு பொருந்தாது" என்றார். கியர் பெட்டியின் தண்டு, எஞ்சின் தண்டின் நேர் நடுவில் நிற்க வேண்டும். சிறிது விலகினாலும் கிளச் விரைவில் தேயும், பெயரிங் உடையும்.

வழி இரண்டு இருந்தது. பழைய 948இன் பின்தட்டு, பிளைவீல், கிளச் மூன்றையும் கழற்றிப் புதிய எஞ்சினில் பூட்டலாம்; அல்லது 1098இன் கியர் பெட்டியையே தேடலாம். பாரம் ஏற்றும் காருக்குப் பெரிய கிளச்சே நல்லது என்பதால் இரண்டாவதைத் தெரிந்தோம். முதலிலேயே எஞ்சினையும் பெட்டியையும் ஒரே தொகுதியாக வாங்கியிருந்தால் பணமும் நாளும் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 1098 காருக்கு முன் பிறேக் டிறம் 8 அங்குலம். அதற்கு முந்தியவற்றுக்கு 7 அங்குலம். எஞ்சினின் பலத்தைக் கூட்டினால் பிறேக்கின் பலத்தையும் கூட்ட வேண்டும். பிள்ளைகளும் இந்தக் காரில்தான் ஏறுகின்றனர்.

ஜப்பானிய எஞ்சின் பூட்டுவோருக்கு

கிளச் தட்டின் நடுப் பற்கள் கியர் பெட்டித் தண்டுடனும், அதன் வெளிவிட்டம் பிளைவீலுடனும் பொருந்த வேண்டும். தண்டின் நுனி அமரும் புஷ் பொருந்தாவிட்டால் லேத்தில் கடைந்து எடுக்கலாம்.

ஆங்கிலேய ஆணியையும் ஜப்பானிய ஆணியையும் கலக்க வேண்டாம். 5/16 அங்குல ஆணியின் விட்டம் 7.94 மில்லிமீற்றர், ஆகவே 8 மில்லிமீற்றர்த் துளையில் அது இரண்டு சுற்று இறங்கும். ஆனால் புரி வேறு. பலவந்தமாக இறுக்கினால் எஞ்சினில் உள்ள புரி அழியும்.

மைனரில் பற்றறியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். ஜப்பானிய எஞ்சினின் அல்ரனேற்றருக்கு எதிர்முனை உடலில் இருக்க வேண்டும். மாற்றாமல் இணைத்தால் அல்ரனேற்றர் உடனே எரிந்துவிடும்.

முடிவாக

அளவுநாடாவும் பழைய கிளச் தட்டும் இல்லாமல் எஞ்சின் வாங்கப் போகாதீர்கள். புதியது ஓடும்வரை பழையதை இரும்புக்கு விற்காதீர்கள்; அதன் ஒரு தட்டோ ஓர் ஆணியோ தேவைப்படலாம். எஞ்சின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ளுங்கள். பதியாத எஞ்சினுடன் காரை விற்கப் போகும் நாளில் அலைச்சல் உங்களுக்கே.

எமது கார் அடுத்த போகத்துக்கு ஓடியது. ஒரு போகம் தவறியது எமது அவசரத்தினால். உங்களுக்கு அது தவறாதிருக்கவே இதை எழுதுகிறோம்.